வயிற்றை அளப்பது வேடிக்கை இல்லை

நேற்று சாப்பாட்டு மேசையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சீனாவின் வடமேற்கில், சின்ஜியாங்கில் வாழ்கிற உய்குர் முஸ்லிம் மக்களின் வயிற்றுச் சுற்றளவு பற்றி நான் பேசியதும் ஒரே சிரிப்பு. "எங்கேயோ இருக்கிறவன் தொப்பையை அளந்தால் உனக்கென்னய்யா?" கேட்டவர் நான் அண்ணே என்று கூப்பிடுகிற மனிதர். இரவெல்லாம் தூக்கமில்லை.

நான் சொன்னது ஒன்றுதான். உயரத்துக்கு எடை சரியா என்று சொல்கிற பிஎம்ஐயை மட்டும் பார்த்து, யாருக்கும் சுகர், மாரடைப்பு ஆபத்தில்லை என்று சொல்லாதீர்கள். வயிற்றை அளங்கள். அளவின் எல்லைக்கோடு யாருடைய உடம்பை வைத்துப் போடப்பட்டது என்றும் கேளுங்கள்.

உய்குர் ஏன்? ஆண்களின் வயிற்றுச் சுற்றளவுக்குச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வைத்த கோடு ஐரோப்பியர்களுக்கு 94 செ.மீ., சீனர்களுக்கு 90. சரி, சின்ஜியாங்கின் காஷ்கர் நகரத்தில் தந்தூர் ரொட்டியும் ஆட்டுக்கறிச் சோறும் சாப்பிடுகிற உய்குர் மனிதர் எந்தக் கணக்கு? நாட்டால் சீனர். வம்சாவளியில் கிழக்காசியாவும் மேற்கு யூரேசியாவும் கலந்தவர். அவருக்கு 92 இருந்தால் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டார், இன்னொன்றைத் தாண்டவில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் உய்குர் பெரியவர்களையே அளந்து, எடையா, வயிறா, வயிற்றுக்கும் உயரத்துக்குமான விகிதமா, எது பிபியையும் சுகரையும் கொழுப்பையும் முன்கூட்டிக் காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"சீன அரசு முகாமில் அடைத்த மக்களிடம் டேப்பை நீட்டுவதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உய்குர்களின் மரபணு பற்றிய சில கட்டுரைகள், முறையாகச் சம்மதம் வாங்கப்பட்டதா என்ற கேள்வியால் திரும்பப் பெறப்பட்டன. சம்மதமில்லாமல் எடுத்த அளவு எனக்கும் வேண்டாம். ஆனால் அவர்களுக்கும் மாரடைப்பு வருகிறதே.

"பிஎம்ஐ சுலபம், அது போதும்" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண், இரண்டு உடம்பு! 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும் மாரடைப்பைக் காட்டிக்கொடுத்ததில் பிஎம்ஐயைவிட வயிற்றளவுதான் முந்தியது. இன்னும் என்ன வேண்டும்?

"என் பேண்ட் சைஸ் 34தானே" என்று சொல்லாதீர்கள். பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கும் கோடு 90தான், பெண்களுக்கு 80.

என் அப்பாவுக்குக் கையும் காலும் குச்சி. வேட்டி முடிச்சுக்கு மேலே மட்டும் வயிறு கொஞ்சம் தள்ளியிருக்கும். அம்மா அதைச் செழிப்பு என்பாள். வேலை பார்த்த இடத்து மருத்துவ முகாமில் எடையும் உயரமும் பார்த்து 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை பீரோவில் பத்திரப்படுத்தினார். ஏழு மாதத்தில் நெஞ்சுவலி. அவருக்குச் சுகர் இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வீடு திரும்பவில்லை. அன்று அந்த அறையில் ஒரு டேப் இருந்திருந்தால் என்று பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் அந்தச் சிரிப்பு அவ்வளவு வலித்தது.

அண்ணே, உங்களுக்கும் கை கால் ஒல்லிதான். சட்டையின் நான்காவது பட்டன் இழுத்துக்கொண்டு நிற்பதை நேற்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்போடு வருகிறேன். கோபம் இருந்தாலும் கதவைத் திறங்கள்.