குட்டையில் விழுந்த வானம்

போன மாதம் மழை விட்ட ஒரு மாலையில் நானும் என் அண்ணன் மகளும் மொட்டை மாடிக்குப் போனோம். அவளுக்கு ஏழு வயது. தரை சற்றே பள்ளமாக இருந்த ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, அவளுக்காக எப்போதோ எழுதி வைத்திருந்த நான்கு வரிகளைச் சொன்னேன்.

குட்டை நீரில் வானம்
குனிந்து பார்த்தால் நானும்
குதித்து விட்டால் இரண்டும்
கொஞ்ச நேரம் காணோம்!

சொல்லி முடிப்பதற்குள் குதித்துவிட்டாள். இரண்டு பேருக்கும் முழங்கால்வரை ஈரம். அப்புறம் அசையாமல் குனிந்து நின்றாள், தண்ணீர் அடங்கட்டும் என்று. முதலில் மேகம் துண்டு துண்டாக ஆடியது. பிறகு துண்டுகள் ஒட்டிக்கொண்டன. கடைசியில் அவள் முகம் வந்தது, முதலில் நெற்றி, அப்புறம் மூக்கு. "வந்திருச்சு அத்தை! திரும்பச் சொல்லு" என்றாள். சொன்னேன். 'குதித்து விட்டால்' என்ற இடம் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, அந்தச் சொல்லில் சரியாகக் குதித்தாள். இருட்டும்வரை இதுதான் நடந்தது.

மறுநாள் அந்த நான்கு வரிகளைப் பெற்றோர் குழு ஒன்றில் பகிர்ந்தேன். நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது. ஒருவர், "அருமை, ஆனால் குழந்தைகளுக்கு இதில் என்ன கருத்து?" என்று கேட்டார். இன்னொருவர் அதற்குப் பதிலாக அவராகவே இரண்டு வரி சேர்த்து அனுப்பினார். நீரைச் சேமிப்போம், நாளை வாழ்வோம் என்கிற மாதிரி. இருவரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் பொறுக்கவில்லை என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குழந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாம் மிக அவசரமாகப் போய் நின்றுவிடுகிறோம் என்று நினைக்கிறேன். குழந்தை இன்னும் தண்ணீரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது, அதற்குள் கடமையைக் கையில் கொடுத்துவிடுகிறோம். மார்ச் 21 உலகக் கவிதை நாள், யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. அதற்கு அடுத்த நாளே, மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், 1993 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. இப்படி இரண்டும் அடுத்தடுத்து அமைந்தது எவ்வளவு அழகான வாய்ப்பு! ஆனால் அந்த வாரம் நடக்கும் போட்டிகளுக்கு வரும் குழந்தைக் கவிதைகளைப் படித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே குறளில் தொடங்கும், ஒரே முழக்கத்தில் முடியும். நடுவில் எங்கேயும் ஈரம் இருக்காது. நானும் ஒருமுறை இப்படி ஒரு போட்டிக்கு வந்த தாள்களைப் படித்தேன். நாற்பது தாள்களில் ஒன்றில் மட்டும் ஒரு பையன், குளத்தில் கல் எறிந்தால் தண்ணீர் 'வட்டமா சிரிக்குது' என்று எழுதியிருந்தான். அதை எழுதியவன் குளத்தைப் பார்த்தவன். மற்றவர்கள் பாவம், கரும்பலகையைப் பார்த்து எழுதியவர்கள்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஆற்றைப் பற்றி எழுதிய பாட்டு பலருக்கு நினைவிருக்கும். அதில் ஆறே 'நான்' என்று பேசுகிறது. மலையில் குதிக்கிறது, சமவெளியில் தவழ்கிறது. ஒரு குழந்தை செய்வதை எல்லாம் செய்கிறது. அதைப் படிக்கும் பிள்ளைக்கு ஆறு கூட்டாளியாகிவிடுகிறது. கூட்டாளியைக் காப்பாற்று என்று தனியாக ஒருவர் வந்து சொல்ல வேண்டுமா?

சரி, இந்தப் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். தண்ணீரைப் பாடுவதற்கென்றே தமிழில் சொற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். சலசல, குபுகுபு, தளதள, மடமட, பிசுபிசு. இவற்றுக்கு இரட்டைக்கிளவி என்று பெயர், பிரித்தால் பொருள் தராது என்று இலக்கண வகுப்பில் படித்தோம். அப்போது மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. இப்போதுதான் அந்த விதி எவ்வளவு நுட்பமான கவனிப்பு என்று புரிகிறது. 'சல' என்று ஒரே ஒரு சத்தத்தோடு எந்த ஓடையாவது நின்றிருக்கிறதா? அடுத்த 'சல' வந்தால்தானே அது ஓடை. இதைக் குழந்தையிடம் விளக்க வேண்டியதே இல்லை. 'சல' என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பாருங்கள், மீதியை அதுவே சொல்லும்.

இதேபோல் மோனை. நம் பாட்டில் வரியின் தலையிலேயே ஓசை கட்டியிருக்கிறது. மேலே உள்ள நான்கு வரிகளை என் மருமகள் மூன்றாம் நாள் தானாகச் சொல்ல முயன்றாள். மூன்றாவது வரியில் திக்கியது. நான் 'கு' என்று மட்டும் உதட்டைக் குவித்தேன். வரி முழுவதும் கொட்டிவிட்டது. கடைசி வரி 'கொ'வில் தொடங்கினாலும் அவளுக்குச் சிக்கல் இல்லை. கு, கொ இரண்டுக்கும் உதடு குவிகிறதே, மோனையில் அவை உறவுக்காரர்கள்தான். குழந்தைப் பாட்டை வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். கண்ணால் மட்டும் படித்தால் உதட்டுக்கு வேலை இல்லாமல் போகிறது.

அப்புறம் மழையின் பெயர்கள். தூறல், சாரல், அடைமழை, ஆலங்கட்டி மழை. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று பெரியவர்கள் பேச்சுவாக்கில் சொல்வோம். தூவானம் என்றால் என்ன என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? காற்று அள்ளிக்கொண்டுவந்து உள்ளே தூவுகிற மழை. ஒரு பாட்டில் அந்தச் சொல் வந்தது, நான் விளக்கவில்லை. சில நாள் கழித்து ஜன்னலோரம் நின்றவள் முழங்கையைத் துடைத்துக்கொண்டே, "இதுவா தூவானம்?" என்றாள். பொடிப்பொடியாக அவள் கையில் ஒட்டியிருந்தது. அந்தச் சொல் இனி அவளை விட்டுப் போகாது. அகராதியைத் திறந்து காட்டியிருந்தால் இது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

கவிதைக்கும் அறிவியலுக்கும் பகை என்று நான் நினைப்பதில்லை. தண்ணீர் விஷயத்தில் இரண்டும் ஒரே திண்ணையில் உட்காரக்கூடியவை. ஒன்று சொல்கிறேன், இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். குழாய் சொட்டுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது? துளி தண்ணீரில் மோதுவதால்தான் என்று நானும் நம்பியிருந்தேன். 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமராவும் நீருக்கடியில் ஒலிவாங்கியும் வைத்துப் பார்த்தார்கள். துளி மோதும்போது கிட்டத்தட்ட சத்தமே இல்லை. விழுந்த இடத்தில் ஒரு குழி உண்டாகி, அது சட்டென்று மேலெழும்போது அடியில் ஒரு சின்னக் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழி துடிக்கிற துடிப்பைத்தான் நாம் 'டொளுக்' என்று கேட்கிறோம்.

நாங்கள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, குழாயை லேசாகச் சொட்டவிட்டு, காதை வைத்துக் கேட்டோம். டொளுக். டொளுக். பிறகு பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கொஞ்சம் அதில் விட்டோம். சத்தம் நின்றுவிட்டது. துளி விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. சோப்பு கலந்தால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்துவிடுகிறது, அதனால் அந்தக் குமிழி உண்டாவதில்லை. அவள் ரொம்ப நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ரகசியம் சொல்வது போலச் சொன்னாள்:

"சொட்டு சொட்டு
யாரது?
சோப்பு வந்து
வாயைப் பொத்திருச்சு."

நான் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. 'பொத்திவிட்டது' என்று திருத்தியிருந்தால் அவள் வாயைத்தான் நான் பொத்தியிருப்பேன்.

படம் வரைந்தால் எல்லாக் குழந்தைகளும் மழைத்துளிக்கு மேலே ஒரு கூர்நுனி வைக்கிறார்கள், கண்ணீர்த் துளி மாதிரி. நாம் புத்தகங்களில் அப்படி வரைந்து காட்டியதால் வந்த பழக்கம். உண்மையில் சின்ன மழைத்துளி உருண்டையாகத்தான் விழுகிறது. கொஞ்சம் பெரிதானால் காற்று கீழிருந்து தள்ளுவதால் அடிப்பக்கம் தட்டையாகி, பன் மாதிரி ஆகிறது. இன்னும் பெரிதானால் உடைந்து சிதறிவிடுகிறது. 'வானத்திலிருந்து பன் விழுதே' என்று ஒரு குழந்தை பாடினால் அது உண்மைக்கு நம் படங்களைவிட நெருக்கமான கவிதை.

குழுவில் கேள்வி கேட்டவரின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தண்ணீர் எல்லாக் குழந்தைக்கும் விளையாட்டுப் பொருள் இல்லை. தண்ணீருக்காக வரிசையில் நிற்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். வெள்ளத்தில் வீட்டை இழந்து, இடி இடித்தால் இன்றும் நடுங்குகிற குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் போய்ச் சலசல, குளுகுளு என்று மட்டும் பாடுவது சரியாகாது. தண்ணீரின் மறுபக்கமும் குழந்தைக் கவிதைக்குள் வரத்தான் வேண்டும். ஆனால் அதுவும் கண்ணால் கண்டதாக, காதால் கேட்டதாக வரட்டும் என்கிறேன். நிறைந்த குடத்தைத் தட்டினால் ஒரு சத்தம், காலிக் குடத்தைத் தட்டினால் வேறு சத்தம். அந்த இரண்டு சத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் நாலு வரி எழுதிவிட்டால், 'சேமிப்போம்' என்ற முழக்கம் நூறு தடவை சொன்னாலும் போய்ச் சேராத இடத்துக்கு அது போய்ச் சேரும். பயமும் அப்படித்தான். "நேத்து ராத்திரி மழை கதவைத் தட்டினது எனக்குப் பிடிக்கலை" என்று ஒரு குழந்தை சொன்னால், அதுவும் தண்ணீர்க் கவிதைதான். மழை நல்லது கண்ணா என்று அந்த இடத்தில் குறுக்கே விழாதீர்கள்.

பகிர்வது பற்றியும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக் கவிதைகள் வாட்ஸ்அப்பில் சுற்றும்போது முதலில் உதிர்ந்து போவது எழுதியவர் பெயர். நான்காவது கைக்கு வருவதற்குள் 'படித்ததில் பிடித்தது' ஆகிவிடுகிறது. பெயர் தெரிந்தால் பெயரோடு பகிருங்கள். குழந்தைகளுக்காக எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கிற மரியாதையே குறைவு, அந்தப் பெயரையாவது விட்டுவைப்போம். உங்கள் பிள்ளை எழுதியதைப் போடுவதாக இருந்தால் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். நான் இந்தப் பதிவுக்காகக் கேட்டேன். "சோப்பு பாட்டு போடலாம், என் பேரு வேண்டாம்" என்று உத்தரவு. அதனால் இங்கே பெயர் இல்லை. எழுத்தில் போடுவதைவிடக் குரலில் பதிந்து அனுப்புவது எனக்கு இன்னும் பிடிக்கிறது. தூரத்தில் இருக்கிற பாட்டிக்கு இப்போது வாரம் ஒரு பாட்டு போகிறது. பின்னணியில் மழைச் சத்தமும் சேர்ந்து விழுந்தால் பாட்டி இரண்டு தடவை கேட்கிறாராம்.

அந்தக் குட்டையின் கதை இன்னும் முடியவில்லை. இரண்டு நாள் வெயிலில் அது வற்றிவிட்டது. தரையில் வெள்ளையாக ஒரு வட்டத் தடம் மட்டும் இருந்தது. "வானம் எங்க போச்சு?" என்று கேட்டாள். குட்டைத் தண்ணீர்தான் ஆவியாகி வானத்துக்குப் போய்விட்டது என்றேன். எப்போது திரும்பி வரும் என்றாள். காற்றில் கலந்த நீர் சராசரியாக ஒன்பது நாள் போல அங்கே இருந்துவிட்டு மழையாக விழும் என்று எங்கோ படித்தது நினைவிருந்தது, சொன்னேன். நாள்காட்டியில் ஒன்பது கட்டம் எண்ணி, கடைசிக் கட்டத்தில் நீல நிறத்தில் ஓர் உருண்டை வரைந்தாள். கூர்நுனி வைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் நல்ல வெயில். காலையிலிருந்து மூன்று தடவை மாடிக்கு ஏறி இறங்கினாள். சாயங்காலம் நானும் கூடப் போனேன், என்ன சமாதானம் சொல்வது என்று தெரியாமல். வற்றிப்போன அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அது இன்னிக்கு வேற யார் வீட்டு மாடியிலயோ இறங்கிருச்சு. அங்கயும் யாராச்சும் குதிப்பாங்க இல்ல?"