தரைக்காற்று வேறு, புயல் வேறு

“50 கி.மீ. வேகக் காற்று, துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு, புயல் உறுதி, எல்லாருக்கும் அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

காற்று நிலையாக மணிக்கு 62 கி.மீ. வேகத்தையாவது எட்டினால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைப் புயல் என்கிறது. ஐப்பசி இடிமழையில் மேகத்திலிருந்து குளிர்காற்று சட்டென்று கீழே இறங்கும். கொடியில் காயும் துணி பறக்கும், புழுக்கம் போய் உடம்பு சிலிர்க்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். வானிலை அறிக்கையில் ‘பலத்த தரைக்காற்று’ என்று வருவது பெரும்பாலும் இதுதான். 1-ஆம் எண் கூண்டு, தொலைவில் கடலில் புயல் உருவாகலாம் என்ற முதல்கட்ட எச்சரிக்கை மட்டுமே.

மீனவர்களுக்கான எச்சரிக்கையை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் தேதியோடு அறிக்கை இருக்கும், அதைப் பாருங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.