சில்லுமூக்குன்னு விட்டுட்டோம்
பசங்களுக்கு வர்ற மூக்கடைப்பு பத்தின உங்க கட்டுரைல அடினாய்டு (மூக்குக்குப் பின்னாடி இருக்குற சதை), பாலிப் (மூக்குக்குள்ள வளர்ற சதை) பத்தி நல்லா எழுதிருக்கீங்க, ஆனா மூக்குக்குப் பின்பக்கம் வர்ற ஆஞ்சியோஃபைப்ரோமாங்கற கட்டிய ஒரே வரியோட முடிச்சிட்டீங்களே. எங்க அக்கா பையனுக்கு 14 வயசுல அதான் வந்துச்சு. வலது பக்கம் மட்டும் மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம், நாங்க சூடுதான், சில்லுமூக்கு உடைஞ்சிருக்கும்னு மோரும் இளநீரும் குடுத்தே அஞ்சாறு மாசம் ஓட்டிட்டோம். ஒரு கிளினிக்ல சதை வளர்ந்திருக்கு, கொஞ்சம் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்னாங்க, நல்லவேளை அக்கா பயந்துபோய் ஒத்துக்கல. அது கேன்சர் இல்லதான், ஆனா கட்டி முழுக்க ரத்தக்குழாய், கிள்ளுனா ரத்தத்த நிறுத்துறதே பெரும்பாடு, அதனால ரத்தக்குழாய் பளிச்னு தெரியுறதுக்கு கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு சிடி, எம்ஆர்ஐ எடுத்தேதான் பாப்பாங்க. வர்றதும் அனேகமா இந்த வயசு ஆம்பளப் பசங்களுக்குத்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் தொடை வழியா சின்ன டியூப் விட்டு கட்டிக்குப் போற ரத்தக்குழாய அடைச்சாங்க, எம்போலைசேஷன்னு பேரு. மறுநாள் மூக்கு வழியாவே எண்டோஸ்கோப் (கேமரா வச்ச குழாய்) விட்டு எடுத்துட்டாங்க, முகத்துல ஒரு தழும்பு கெடையாது!! மண்டையோட்டுக்கு அடில ஒட்டிருந்த எடத்துலதான் ரொம்ப நேரம் புடிச்சுதாம். திரும்ப வளர சான்ஸ் இருக்குறதால இன்னும் ஸ்கேனுக்குப் போயிட்டு வர்றான், ஊசிக்குக் கூட பயப்படமாட்டான், அந்த எம்ஆர்ஐ சத்தத்தத்தான் திட்டிட்டே வருவான்.