கச்சான் காற்றைப் பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்புங்கள்

மலைக் கணவாய்களை சைக்கிளிலும் நடந்தும் பார்ப்பது பற்றிய கட்டுரை நல்லது. ஆனால் அப்புத்தளைக்கு எந்த மாதமும் போகலாம் என்று எழுதியிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஆனி, ஆடியில் திருகோணமலையில் எங்கள் முகத்தைச் சுடும் கச்சான், மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் காய்ந்து இறங்கும் அதே தென்மேற்குக் காற்றுதான். அப்புத்தளை ஒடுங்கிய மலைமுகட்டில் இருக்கும் ஊர். அங்கே அந்தக் காற்று பக்கவாட்டில் அடித்தால் சைக்கிள் நேரே போகாது, உருட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசி, பங்குனிதான் தோது.

திருகோணமலைக் கரையோரம் உப்புவெளி, நிலாவெளி என்று சமதரையில் மிதித்துப் பழகிய நம் பிள்ளைகள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுவார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான், இறங்கி நடக்கலாம். இறக்கம்தான் வில்லங்கம். எல்ல என்ற மலையூரிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே வராதீர்கள். ரிம் கன்னியா வெந்நீர் ஊற்று மாதிரிச் சுடும், ட்யூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்னால் அழுத்தி, பிறகு விட்டு, மறுபடி அழுத்துங்கள். இராவணன் அருவியடியில் நின்று ரிம்மை ஆறவிடலாம், கடலையும் வாங்கலாம்.

அப்புறம், நக்கிள்ஸ் மலையில் ரிவர்ஸ்டன் பக்கம் நடக்கிறவர்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். இரத்தம் உறிஞ்சும் அட்டை சும்மா விடாது.