அது ஒத்திகை இல்லை, ஐயா

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சனிக்கிழமை பிள்ளைகள் ஆடிய நாடகத்தைக் குறைசொல்லிப் போட்ட அந்தப் பதிவை நேற்றிரவு இன்னும் நாலு பேர் பகிர்ந்து, கீழே சிரிப்புக் குறி வேறு போட்டிருப்பதைக் கண்ட பிறகு நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். நாடகம் முடிந்து கலந்துரையாடல் தொடங்கியதும், முன்வரிசையில் இருந்த பெரியவர் மைக்கை வாங்கி, "ஒத்திகை நல்லாயிருந்தது பிள்ளையள், நாடகத்தை எப்ப போடப் போறியள்?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த ஆறு பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். சனம் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பிள்ளைகள் சிரித்ததுதான் இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

அது ஒத்திகை இல்லை, ஐயா. அது நாடகம். முழு நாடகம்.

அவர்கள் ஆடியது ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'அரசாங்க இன்ஸ்பெக்டர்'. அது 1836இல் பீட்டர்ஸ்பேர்க்கில் முதன்முதலாக மேடையேறியது. 5 அங்கம், 20க்கும் மேற்பட்ட பாத்திரங்கள். மேலிடத்திலிருந்து பரிசோதகர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் வருகிறார் என்று ஒரு சின்னப் பட்டணத்துத் தலைவருக்குச் செய்தி வருகிறது. விடுதியில் சாப்பாட்டுக் காசு கட்ட வழியில்லாமல் கிடக்கும் ஒரு பெடியனை எல்லோரும் அவர்தான் என்று நம்பிவிடுகிறார்கள். நீதிபதி முதல் தபால் அதிபர் வரை வரிசையாகப் போய், கடன் என்ற பெயரில் லஞ்சம் கொடுக்கிறார்கள். அவன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். உண்மை வெளிப்பட்ட அதே கையோடு, உண்மையான பரிசோதகர் வந்துவிட்டார் என்ற அறிவித்தல் வருகிறது. இந்தக் கதையை விளங்கிக்கொள்ள வன்னிச் சனத்துக்கு மாளிகைச் சோடனை வேண்டுமா? வரப்போகும் அதிகாரிக்காக இரவோடிரவாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

பிள்ளைகள் என்ன வைத்துக்கொண்டு ஆடினார்கள்? மூன்று பிளாஸ்டிக் கதிரை, ஒரு வாளி, நாலைந்து சால்வை. அவ்வளவுதான். 5 அங்கத்தை 75 நிமிடத்துக்குள் சுருக்கினார்கள். பொப்சின்ஸ்கி, தொப்சின்ஸ்கி என்ற இரண்டு கட்டையர்களையும் ஒரே பிள்ளை, சால்வையை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்றி மாற்றியே ஆடினாள். ஒருவர் பேச்சை மற்றவர் பறிக்கும் இடத்தில் சால்வை பறந்த வேகத்தை நீங்கள் பார்க்கவில்லையா? பதற்றத்தில் பட்டணத்துத் தலைவர் தொப்பி என்று நினைத்துத் தொப்பிப் பெட்டியைத் தலையில் வைக்கப் போவது கோகோல் எழுதியது. இங்கே தொப்பியும் இல்லை, பெட்டியும் இல்லை. வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்தான் அந்தத் தம்பி. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணீர் வரும்வரை சிரித்தார். இதையா ஒத்திகை என்கிறீர்கள்?

"காலத்துக்குரிய உடுப்பு இல்லை, காட்சியமைப்பு இல்லை" என்று அந்தப் பதிவில் எழுதியிருக்கிறது. என்னுடைய அப்பப்பா முள்ளியவளையில் கோவலன் கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடியவர். கூத்தில் உடுப்பு இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதுரையை யார் கட்டி வைத்தார்கள்? கோவலனும் கண்ணகியும் வட்டக்களரியை, அந்தத் திறந்த வட்ட ஆடுகளத்தை, சுற்றி ஆடி வருவார்கள், மதுரை வந்துவிடும். சுற்றிவர இருந்த சனத்துக்கு அது போதும். சின்ன வயதில் அப்பப்பாவின் மடியில் இருந்து நானும் அந்த மதுரையைக் கண்டேன். இப்போதும் கண்ணை மூடினால் வருவது அந்த மதுரைதான்.

"சுருக்கிச் சாகடித்துவிட்டார்கள்" என்று இன்னொருவர். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் விடிய விடிய ஆடிய கூத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தார். இன்று அதை நாங்கள் கூத்தின் மறுமலர்ச்சி என்று பரீட்சைக்கு எழுதவைக்கிறோம். நான் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள், எத்தனை வருடமாக அந்த விடைகளைத் திருத்துகிறேன். இசை நாடகக் கலைஞர் வி. வி. வைரமுத்து அரிச்சந்திரன் கதையின் சுடலைப் பகுதியான மயான காண்டத்தை ஆடினார். மயான காண்டம் மட்டும் ஆடினால் அது அரைகுறை என்று எங்கள் ஊர்களில் யாராவது எழுந்து போனார்களா? இந்தப் பிள்ளைகள் செய்தால் மட்டும் ஏன் கொலையாகிறது?

பின்வரிசைக்குச் சத்தம் கேட்கவில்லை என்பது உண்மை. மின்விசிறிச் சத்தம் பெரிதாக இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன். சரி.

ஆனால் "காசில்லாததை மறைக்க எளிமை என்று பெயர் வைக்கிறார்கள்" என்று எழுதினீர்களே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களிடம் காசில்லைத்தான். அதை யாரும் மறைக்கவில்லை. இரண்டு பேர் மல்லாவியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார்கள், கடைசி பஸ்ஸை விட்டால் போக வழியில்லை. ஒரு பிள்ளை ஆடைத் தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் ஒத்திகைக்கு வருவாள். ஒத்திகை என்ற சொல்லுக்கு என்ன பாரம் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். இல்லாததை வைத்து ஒன்றை உருவாக்குவதும் கலைதான். கையில் இருந்த காசுக்கு ஒரு திரையும் நாலு தொப்பியும் வாடகைக்கு எடுத்திருக்கலாம். வேண்டாம் என்று முடிவு எடுத்தார்கள். இருந்து யோசித்து எடுத்த முடிவு அது.

இதை எழுதும்போது எனக்கு வேறொரு வாளி ஞாபகம் வருகிறது. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. 2009, யுத்தத்தில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். தரப்பாளுக்குள் இருந்தோம். யுத்தம் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அம்மா சரியாக வாய் திறக்கவில்லை, தம்பியின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார். ஒரு பின்னேரம் தண்ணீர் வரிசையில், ஊர் பெயர் தெரியாத ஒரு அண்ணை தன் வெறும் வாளியைக் கவிழ்த்து அதில் ஏறி இருந்தார். ஒரு மட்டைத் துண்டைக் கோப்பாகப் பிடித்தார். அதிகாரியும் அவரே, பதிய வந்த கிழவனும் அவரே. "அட்டை எங்கை?" "துலைஞ்சு போச்சு ஐயா." "அட்டை இல்லாட்டி நீ இல்லை." கிழவன் தன் கையை, காலை, தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப ஆரய்யா இந்த வரிசையிலை நிக்கிறது?" என்று கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மா சிரித்தார். அம்மாவின் பல்லை நான் எத்தனை மாதத்துக்குப் பிறகு கண்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஐந்து நிமிடம் இருக்குமோ என்னவோ. தண்ணீர் வந்ததும் அண்ணை வாளியை நிமிர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்.

அதற்குத் திரை இருந்ததா? ஒளியமைப்பு இருந்ததா? அதுவும் முழு நாடகம்தான்.

இன்னொரு குற்றச்சாட்டு, "முடிவு விளங்கவில்லை, எல்லாரும் சும்மா நின்றார்கள்." அவர்கள் சும்மா நிற்கவில்லை. கடைசியில் எல்லோரும் கல்லாய் உறைந்து ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் நிற்க வேண்டும் என்று கோகோலே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள் அதில் ஒரு விநாடியும் குறைக்கவில்லை. எத்தனையோ காட்சியைக் குறைத்தவர்கள் இதைக் குறைக்கவில்லை என்றால் ஏனென்று யோசிக்க வேண்டாமா? அந்த நேரத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு சின்னப் பிள்ளை, "அம்மா, ஏன் அவையள் பயந்துபோய் நிக்கினம்?" என்று கேட்டது. அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது.

கோகோலுக்கும் இதுதான் நடந்தது. முதல் மேடையேற்றத்துக்குப் பிறகு வந்த பேச்சுகளால் மனம் நொந்து அந்த வருடமே நாட்டைவிட்டு வெளியேறினார். நாடகம் முடிந்து வெளியே வரும் சனம் என்னென்ன கதைக்கிறது என்பதையே பிறகு இன்னொரு நாடகமாக எழுதினார். என் நாடகத்தில் நேர்மையான பாத்திரம் ஒன்று இருந்தது, அதை யாரும் காணவில்லை, அதுதான் சிரிப்பு என்று அதில் வருகிறது. சனிக்கிழமையும் அந்தப் பாத்திரம் மண்டபத்தில் இருந்தது. 75 நிமிடமும் சனம் சிரித்ததைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரி இல்லை.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் மூன்று நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு, "வன்னி இன்னும் வளரவேயில்லை" என்று எழுதியிருக்கிறார். உங்களுக்கு என்ன பதில் சொல்வது? எங்களைப் பார்க்கிற எல்லோருக்கும் எங்களிடம் என்ன இல்லை என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. வீடு இல்லை, காசு இல்லை, திரை இல்லை. இருப்பதைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்? அன்றைக்கு ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களின் குரல் இருந்தது, உடம்பு இருந்தது. இருநூறு வருடத்துக்குக் கிட்டவான ஒரு கதை இருந்தது, அதைப் பார்த்துச் சிரித்த எங்கள் சனம் இருந்தது.

பெரியவரோடு எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. இந்த மண்ணில் நாடகத்துக்கு அவர் செய்ததை மதிக்கிறேன், அவரிடம் நானும் படித்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இன்று காலை, சால்வை மாற்றி ஆடிய தங்கச்சி எனக்கு எழுதியிருந்தாள். "அக்கா, அடுத்த முறை ஒரு திரையாவது கட்டுவமா?"

வேண்டாம் என்று அனுப்பினேன். பார்த்துவிட்டாள், இன்னும் பதில் இல்லை.