1988 யூரோவிஷன்: செலின் டியான் பாடியது சுவிட்சர்லாந்துக்காக

பாடகி செலின் டியான் 1988 யூரோவிஷனில் (ஐரோப்பிய நாடுகளுக்கிடையேயான பாட்டுப் போட்டி) கனடா சார்பாகப் பாடி வென்றார் என்று ஒரு பதிவு சொல்கிறது. அவர் கனடாக்காரர் என்பது சரிதான். ஆனால் டப்ளினில் நடந்த அந்தப் போட்டியில் அவர் சுவிட்சர்லாந்துக்காகப் பிரெஞ்சில் பாடினார். பாடகர் அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று யூரோவிஷனில் விதி இல்லை. குழப்பம் இங்கேதான் வருகிறது. அந்த ஆண்டு பாடிய 21 நாடுகளில் கனடா இல்லை.

யூரோவிஷன் அதிகாரப்பூர்வத் தளத்தில் 'டப்ளின் 1988' பக்கத்தைத் திறந்தால் முடிவு இருக்கிறது: சுவிட்சர்லாந்து 137, பிரிட்டன் 136. ஒரே ஒரு புள்ளி! முடிந்தால் வாக்கெடுப்பு வீடியோவின் கடைசிப் பகுதியையும் பாருங்கள். கடைசியாக வாக்களித்த யூகோஸ்லாவியா தன் புள்ளிகளைச் சொல்லி முடிக்கும்வரை யார் வெற்றி என்றே தெரியாது.