"சுவையான" என்ற சொல்லை மாம்பழத்தில இருந்து இறக்குங்கோ!

வைகாசி பிறந்தால் போதும். பேஸ்புக்கைத் திறந்தால் "சுவையான யாழ்ப்பாணத்து மாம்பழம்". பெட்டியில் ஒட்டின லேபலில் "சுவையான". றோட்டோரப் பலகையில் "சுவையான". பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பியைத் திறந்தால் "மாம்பழம் மிகவும் சுவையான, இனிமையான, அருமையான பழம்". மூன்று சொல் எழுதி ஒரு சங்கதியும் சொல்லவில்லை. ஏனப்பா, "சுவையில்லாத மாம்பழம்" என்று எழுதி ஆராவது விற்கிறவையோ? எதிர்ச்சொல்லை ஒருத்தரும் எழுதமாட்டினம் என்றால் அந்த அடைமொழிக்கு அங்கே வேலை இல்லை. வெட்டுங்கோ.

இது புதுச் சட்டம் என்று நினைக்கவேண்டாம். தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலிலேயே இருக்கிறது: இனத்தைச் சுட்டாத பண்புச்சொல்லைப் பெயரோடு சேர்ப்பது வழக்குக்கு உரியதல்ல, செய்யுளுக்குத்தான் உரியது. அதற்குச் சொல்லப்படுகிற உதாரணம் செஞ்ஞாயிறு. கருஞ்ஞாயிறு என்று ஒன்று இல்லை, ஆகையால் அந்தச் "செம்" எதையும் எதிலிருந்தும் பிரிக்கவில்லை. செந்தாமரை அப்படியில்லை, வெண்தாமரையும் குளத்தில் பூக்கும். பாட்டிலே செஞ்ஞாயிறு வரட்டும், அழகுதான். கிலோக் கணக்கில் பழம் விற்கிற லேபலில் என்ன செய்யுள்?

வயிறு எரிகிறது எங்கே என்றால், மாம்பழத்துக்கு அடைமொழி இல்லாத ஊரா இது? கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான் என்ற மாம்பழ இனங்களைப் பாருங்கோ. "கறுத்த", "வெள்ளை" என்ற இரண்டு சொல்லுத்தான் ஒரே கொழும்பானை இரண்டு பழமாகப் பிரித்துக் கையில் தருகிறது. அடைமொழி செய்யவேண்டிய வேலை அதுதான். அந்தப் பெயரையே விழுங்கிவிட்டு "பொன்னிற மாம்பழம்" என்று எழுதுகிறார்கள். கறுத்தக்கொழும்பான் பழுத்த பிறகும் தோலில் பச்சை நிற்கும், செம்மஞ்சள் உள்ளே சதையில்தான். "பொன்னிற" என்று வாசித்துவிட்டு வாங்கினவர் பச்சைத் தோலைப் பார்த்து, இன்னும் காய்தானே என்று மூலையில் வைப்பார். நாலாம் நாள் காம்படி கறுத்து அழுகியிருக்கும். பிழை பழத்தில் இல்லை.

பழுக்கிற கதைக்கு வருவம். "பழுத்த", "கனிந்த", "முத்தின", "வெம்பின" நாலையும் ஒன்றாகப் போட்டு அடிக்கிறார்கள். நாலும் நாலு பொருள். முத்தினது என்றால் மரத்திலேயே வளர்ச்சி முடிந்த காய்: காம்பின் இரண்டு பக்கமும் தோள் எழும்பி, காம்படி சற்றுக் குழிந்திருக்கும், தண்ணி வாளியில் போட்டால் பெரும்பாலும் தாழும். வெம்பினது முத்துகிறதுக்கு முன்னமே வெயிலிலோ அடிபட்டோ நிறம் மாறினது. தோல் மஞ்சளாய் இருக்கும், அறுத்தால் சதை வெளிறி, சப்பென்று, கொட்டையடியில் புளிக்கும். பழுத்தது நிறமும் மணமும் வந்தது. கனிந்தது விரல் வைத்தால் மெல்லக் குழிகிறது, இன்றைக்கே சாப்பிடவேண்டும். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அனுப்பச் சொல்லி "நன்கு கனிந்த பழம் 10 கிலோ" என்று எழுதினால் போய்ச் சேருவது என்ன? அடிப்பெட்டியில் பழக்கூழ். அந்த இடத்தில் எழுதவேண்டியது "முத்தின செங்காய்", அதாவது முத்திப் பழுக்கத் தொடங்கின காய். ஒரு அடைமொழி பிழைத்தால் ஒரு பெட்டி பழம் வீண்.

"இயற்கையான" என்பது அடுத்த கொடுமை. மாமரத்தில் செயற்கைப் பழம் காய்க்கிறதா? சொல்ல நினைப்பது காபைட்டு என்கிற பழுக்கவைக்கும் மருந்து வைக்காத பழம் என்று. அப்ப அதையே எழுதுங்கோ: "வைக்கோலில் பழுத்தது". மருந்து வைத்துப் பழுத்தது பெரும்பாலும் தோல் முழுக்க ஒரே மஞ்சளாய் மினுங்கும், காம்படியை மணந்தால் மணம் இராது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "இயற்கையான" என்று பூசி மெழுகினால், ஒழுங்காய் வைக்கோலில் வைக்கிற வியாபாரிக்கும் காபைட்டுக்காரனுக்கும் ஒரே லேபல்!

"புதிய பழங்கள்" என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? புதிய சட்டை உண்டு, புதிய சைக்கிள் உண்டு. பழம் "இன்று பறித்தது", அல்லது "வாடாதது". அப்போதே பிடித்ததை உடன் மீன், அப்போதே இறக்கினதை உடன் கள்ளு என்று வாய் நிறையச் சொல்லுகிற ஊரில் இந்தப் "புதிய" எங்கே இருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். விளம்பரத்தை முதலில் இங்கிலீசில் "fresh" என்று யோசித்துவிட்டுத் தமிழில் ஊற்றுகிறார்கள்.

சரி, சொல் சரியாய் அமைந்தாலும் எழுத்தில் சறுக்குகிறார்கள். "சுவையானப் பழம்", "கனிந்தப் பழம்" என்று ஒரு "ப்" கொழுவுகிறார்கள். இப்படி "அ"வில் முடிகிற பெயரெச்சத்துக்குப் பின்னால் வல்லினம் மிகாது: கனிந்த பழம், முத்தின காய், பெரிய பெட்டி. கறுத்தக்கொழும்பானில் "க்" நிற்பது அது ஒரு பெயராகவே நிலைத்துவிட்டதால். நிறப்பெயர் நேராக வந்து சேர்ந்தால் மிகும்: பச்சைத் தோல், வெள்ளைக்கொழும்பான். "மஞ்சள் சதை"யில் மட்டும் மிக இடமில்லை, மஞ்சள் மெய்யெழுத்தில் முடிகிறது. வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வேண்டாத இடத்தில் போடுகிறார்கள்.

அடைமொழி நிற்கிற இடமும் முக்கியம். "பழைய வளவு மாம்பழம்" என்றால் பழையது வளவா, பழமா? "பெரிய கறுத்தக்கொழும்பான் பெட்டி" என்றால் பெரிது எது? காசு கொடுக்கிறவர் பழம் பெரிது என்றுதான் வாசிப்பார், வந்து சேருவது பெரிய பெட்டியில் சின்னப் பழம். தமிழில் அடை தனக்குப் பின்னால் வருகிற எந்தப் பெயரையும் பிடிக்கப் பார்க்கும், ஆகையால் எதைச் சொல்லுகிறதோ அதற்கு ஒட்டினாற்போல் வையுங்கோ: "கறுத்தக்கொழும்பான், பெரிய பழம், 5 கிலோப் பெட்டி".

பள்ளிக்கூடத்தில் தொடங்குகிற வியாதி இது. "அழகான", "இனிமையான" என்று எழுதினால் வர்ணனை என்று சரி போட்டு விடுகிறார்கள். பிள்ளையின் கையில் ஒரு பழத்தைக் கொடுங்கோ. காம்படியில் பால் வடிந்து கறுத்த கோடு இருக்கும். ஒரு பக்கம் அணில் கோதியிருக்கும். நிலத்தில் விழுந்த பக்கம் கன்றியிருக்கும். நார் பல்லில் மாட்டும். "பால் பட்ட", "அணில் கோதின", "கன்றின", "நார் ஓடின" என்று அந்தப் பிள்ளைக்கு வீட்டில் பேசத் தெரியும். அதைக் கொப்பியில் எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே "சுவையான" என்று திருத்துகிறார்களே, அந்தப் பேனையை முதலில் கீழே வையுங்கோ.